கார் பந்தய விளையாட்டு செய்கிறவர்களுக்கு, போடிமெட்டுச் சாலையிலிருந்து

கார் பந்தய வீடியோ கேம் உருவாக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். நான் போடிநாயக்கனூரில் ஜீப் ஓட்டுகிறேன். விடியுமுன் முந்தல் வழியாக மலையேறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஆட்களைப் பூப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவது என் பிழைப்பு. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் கேரளா. இருபது வருஷமாக அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகனோடு உட்கார்ந்து நீங்கள் செய்த விளையாட்டுகளை ஆடுகிறேன். இரண்டையும் செய்கிறவன் என்பதால் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது.

போன மாதம் ஒரு மலைச்சாலைப் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தோம். வளைவு வருகிறது, நான் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன். ஏழாவது படிக்கிற பையன் பொறுக்க முடியாமல், "மாமா, எதுக்கு பிரேக் புடிக்கிறீங்க? செவுத்துல ஒட்டிக்கிட்டே போங்க, அதுவே திருப்பி விட்டுரும்" என்றான். அவன் சொன்னபடி செய்து பார்த்தேன். சுவர் வண்டியைத் திருப்பிவிட்டது. நாலு செகண்டு மிச்சம். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பையன் கெட்டுப்போவான் என்ற பயம் இல்லை. நிஜச் சாலை வேறு, டிவி வேறு என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். என் வருத்தம் வேறு. ஒரு வளைவை ஒழுங்காக எடுப்பதில் இருக்கிற சந்தோஷம் எவ்வளவு பெரியது! அந்த விளையாட்டு அதை அவனுக்குக் காட்டாமலே விட்டுவிட்டது.

இந்தச் சுவர் வித்தை நிஜத்துக்கும் வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 அக்டோபரில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் பந்தயத் தளத்தில் நடந்த, நாஸ்கார் என்ற அந்த நாட்டுக் கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ராஸ் சாஸ்டைன் என்ற ஓட்டுநர் காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்து ஐந்து வண்டிகளைத் தாண்டினார். சின்ன வயதில் கேம்கியூப் என்ற வீடியோ கேம் பெட்டியில் நாஸ்கார் 2005 விளையாட்டை ஆடியபோது கற்ற தந்திரம் என்று அவரே சொன்னார். அடுத்த ஆண்டுப் பந்தயங்கள் தொடங்குவதற்குள் இனி இப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அமைப்பு அறிவித்துவிட்டது. அவருடைய துணிச்சலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சும்மா விட்டுவைத்த ஒரு சுவர், இத்தனை வருஷம் கழித்தும் ஒருவர் கையில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். உங்கள் விளையாட்டு கற்றுக்கொடுப்பது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் நிஜம் போலவே செய்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதையும் ஆடிப் பார்த்தேன். மொபைல் கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவர் ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி மாட்டியிருக்கிறார். "இதுதான் அச்சு அசல் நிஜம், உன்னை மாதிரி டிரைவருக்கு ஏத்தது" என்று உட்கார வைத்தார். முதல் வளைவிலேயே வண்டி சுழன்று புல்லுக்குள் போய்விட்டது. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் புல்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "நிஜம்னா கஷ்டமாத்தாண்ணே இருக்கும்" என்றான் ஒருவன்.

அந்தப் பேச்சைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிஜ வண்டி சொல்லாமல் கொள்ளாமல் காலை வாராது. வழுக்குவதற்கு முன்னால் சொல்லும். மழை பெய்து செம்மண் வழிந்து கிடக்கிற வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் முதலில் ஸ்டீயரிங் லேசாகும். அதுவரை கைக்கு எதிராக முறுக்கிக்கொண்டிருந்தது சட்டென்று பஞ்சு மாதிரி ஆகும். முன் டயர் பிடிப்பை விடப் போகிறது என்பதற்கு அதுதான் முதல் தகவல். காய்ந்த ரோடாக இருந்தால் டயர் முனகும், அப்புறம்தான் கத்தும். உட்காரும் இடத்தில் பின்பக்கம் நகர்வது இடுப்புக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே. இவ்வளவு தகவலும் வந்த பிறகும் நான் கேட்காமல் போனால்தான் வண்டி போகும்.

டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இடுப்பு ஒன்றும் சொல்லாது. பக்கவாட்டில் தள்ளுகிற விசை கிடையாது. திரை கண்ணின் பாதியைக்கூட நிரப்பாததால் வேகமும் குறைவாகத்தான் தெரிகிறது. அப்படி இருக்கும்போது டயர் கணக்கை மட்டும் அச்சு அசலாகப் போட்டுவிட்டு, டயர் தருகிற தகவலை விட்டுவிட்டால் அது நிஜம் ஆகுமா? கண்ணையும் காதையும் கட்டிவிட்டு மலையில் ஓட்டச் சொல்வது மாதிரி அது. உடம்பு தராத செய்தியை நீங்கள் வேறு வழியில் தந்தாக வேண்டும். டயரின் முனகலை நிஜத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமே கேட்கச் செய்யுங்கள். கையில் இருக்கிற கன்ட்ரோலர் முதலில் மெதுவாக நடுங்கட்டும், பிறகு அதிகமாகட்டும். வண்டி ஒருபக்கம் சாய்வதைக் கொஞ்சம் மிகையாகவே காட்டுங்கள். இதெல்லாம் பொய் சொல்வது ஆகாது. திரை விழுங்கிய உண்மையைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

நிஜத்தை ஒரு தட்டிலும் மகிழ்ச்சியை ஒரு தட்டிலும் வைத்து நிறுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சாலையும் வண்டியும் நம்மோடு பேச, நாம் கேட்டு பதில் சொல்வதில்தான் ஓட்டுகிற சுகமே இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு உதவுகிற நிஜத்தை வைத்துக்கொள்ளுங்கள். உதவாததைத் தாராளமாகத் தூக்கிப் போடுங்கள்.

தூரத்தைத் தூக்கிப் போடலாம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி விளையாட்டு 2012-ல் வந்தது. அதில் ஐரோப்பாவைச் சுமார் இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். யாரும் கோபப்படவில்லை. லாரியின் கனமும் கியரும் திரும்புகிற அகலமும் சுருங்கவில்லை, அதனால் ஓட்டுகிறவனுக்கு லாரி ஓட்டிய நிறைவு கிடைக்கிறது. போடிமெட்டு ஏற்றத்தில் 17 வளைவுக்குப் பதில் ஐந்து வைத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த ஐந்தில் இரண்டாவது கியரில் வண்டி திணறுவது தெரிய வேண்டும்.

கியரின் எண்ணிக்கையும் முக்கியமில்லை. 1986-ல் செகா நிறுவனம் கொண்டுவந்த அவுட் ரன் என்ற கார் விளையாட்டில் லோ, ஹை என்று இரண்டே கியர்தான். நிஜம் என்று அது எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தாலும் வளைவில் லோவுக்கு இறக்குவதா வேண்டாமா என்ற முடிவு ஓட்டுகிறவன் கையில் இருந்தது. 1997-ல் வந்த கிரான் டூரிஸ்மோவிலோ, பந்தயத்துக்குப் போகுமுன் லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டும். வண்டியை வேகமெடுத்து, குறித்த இடத்துக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். பிரேக் பிடிப்பதையே ஒரு விளையாட்டாக்கி, அதையும் ஆசையாக ஆட வைத்தார்கள். அதே டிஸ்க்கில் தேர்வு ஏதும் இல்லாமல் ஆடுகிறவர்களுக்கும் ஒரு பகுதி இருந்தது. வழி இருக்கிறது என்பதற்கு இவை போதும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் தொழில் கற்றுக்கொடுக்கிற மூத்த டிரைவர்கள் முதலில் சொல்வது, எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறி, பிடிப்பு போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள் காலி வண்டிதானே என்று அலட்சியமாக அப்படி இறங்கினேன். பாதி மலையில் கருகிய வாடை வந்தது. பெடல் கீழே கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கி, அப்புறம் முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்க மண்ணில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது. முழுக்க என் தப்பு.

இறக்கத்தில் ஆடுகிற எத்தனை விளையாட்டில் இது இருக்கிறது? எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகத்தை அடக்கும் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? இது அலுப்பான பாடம் இல்லை, அருமையான விளையாட்டுப் பொருள். பிரேக் என்பதைத் தீர்ந்துபோகிற சொத்தாக்கிவிடுங்கள். முதல் வளைவிலேயே செலவழித்தவனுக்குக் கடைசி வளைவில் கை காலி. கியரில் இறங்கியவன் அங்கே தாண்டிப் போவான். வாடையைத் திரையில் காட்ட முடியாதுதான். பெடல் ஆழமாகப் போவதையும் சக்கரத்தில் புகை எழுவதையும் காட்டலாம் இல்லையா?

அடுத்தது, முன்னால் போகிற வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை. நான் பின்தங்கினால் எதிராளிகள் வேகம் குறைக்கிறார்கள், நான் முந்தினால் எங்கிருந்தோ பறந்து வந்து பின்னால் ஒட்டுகிறார்கள். கடைசிவரை பரபரப்பு இருக்க வேண்டும் என்று செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் முதல் இரண்டு சுற்று பிழையில்லாமல் ஓட்டியதற்குக் கூலி எங்கே? பையன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். "கடைசி ரவுண்டு மட்டும் ஒழுங்கா ஓட்டினா போதும் மாமா" என்கிறான். தோற்றுப்போகிறவனுக்கு உதவ வேண்டுமானால் வெளிப்படையாக உதவுங்கள். அவனைப் பத்து செகண்டு முன்னால் கிளப்பிவிடுங்கள். எதிராளி சமமாக ஓட்டுகிறான் என்று நம்ப வைத்து ஏமாற்றாதீர்கள்.

ஆட்டத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டிப் பிழையைத் திருத்துகிற வசதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2008-ல் ரேஸ் டிரைவர் கிரிட் என்ற விளையாட்டில் அது வந்தது, மறு ஆண்டு ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 3-லும் வந்தது. ஏமாற்று வேலை என்று சிலர் திட்டுகிறார்கள். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து சீட்டில் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தப்பாகத் திருப்பினால் பிடித்து இழுத்துவிட்டு, "பின்னால எடு, மறுபடி வா" என்பார். ஒரே வளைவை ஒரு காலையில் ஏழெட்டு தடவை ஏறியிருக்கிறேன். அந்தக் கைதான் இந்தப் பின்னோக்கி ஓட்டும் பொத்தான். அதை எடுத்துவிடாதீர்கள்.

சாலையில் வண்ணக்கோடு போட்டு, சிவப்பு வந்தால் பிரேக் பிடி என்று காட்டுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கோட்டையே பார்க்கிற பிள்ளை சாலையைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். ராலி விளையாட்டுகளில் குறிப்பு வாசிக்கிற துணை ஓட்டுநர் 1998-ல் வந்த காலின் மெக்ரே ராலி என்ற விளையாட்டின் காலத்திலிருந்தே இருக்கிறார். எங்கள் பக்கம் அதற்கு வேறு ஆளே தேட வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் வாசலில் தொங்குகிறவரைக் 'கிளி' என்பார்கள். "போட்டே, போட்டே" என்று அவர் கொடுக்கிற குரலில் இடைவெளி எவ்வளவு என்பது டிரைவருக்குப் புரியும். இந்தப் பக்கம் "ரைட், ரைட்", இடிக்கப் போனால் "ஓல்டான்!" வண்டியின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. குரலின் அவசரத்திலேயே வளைவின் கூர்மை தெரிந்துவிடும். கண் சாலையிலேயே இருக்கும்.

ஆரன் பொத்தானுக்கும் வேலை கொடுங்கள். எங்கள் வளைவுகளில் மறுபக்கம் தெரியாது. ஆரன் அடிப்போம், மறுபக்கத்திலிருந்து பதில் வரும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் அந்தச் சத்தம் ஒன்றுதான் துணை. பனியில் பந்தயம், கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆரன் சத்தத்தை வைத்து எதிரில் வருவது ஜீப்பா லாரியா என்று ஊகித்து ஒதுங்க வேண்டும் என்று ஒரு சுற்று வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள்.

இதெல்லாம் யார் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2017-ல் வந்த பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா இங்கே எத்தனை பிள்ளைகளின் போனில் இருக்கிறது என்று வந்து பாருங்கள். வேறு நாட்டுச் சாலையில் நம் ஊர் பஸ்ஸின் பெயிண்டை ஏற்றி, நம் ஆரனை ஏற்றி ஓட்டுகிறார்கள். அதில் பந்தயமே கிடையாது.

கடைசியாக ஒன்று. உதவிகளை எல்லாம் செட்டிங்ஸில் இருபது பொத்தான்களாக அடுக்கி, வேண்டியதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். என் அக்கா மகன் இதுவரை ஒரு விளையாட்டிலும் செட்டிங்ஸைத் திறந்ததில்லை. திறந்தவுடன் என்ன கிடைக்கிறதோ அதுதான் அவனுக்கு அந்த விளையாட்டு. அந்த முதல் வளைவை மட்டும் நீங்களே உட்கார்ந்து, பொறுமையாகச் செய்யுங்கள்.

உங்களில் யாருக்காவது மலைச்சாலை வைக்கிற எண்ணம் இருந்தால் போடிக்கு வாருங்கள். காலை ட்ரிப்பில் இடம் இருக்காது, சனம் நெருக்கி உட்கார்ந்திருக்கும். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலிதான். முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த இடத்தில் என்ன சத்தம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேண்டிய இடத்தில் நிறுத்துகிறேன், திரும்பவும் அதே வளைவை எடுக்கிறேன். வரும்போது ஒரு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், மேட்டில் குளிரும்.

அன்புடன்,
போடியிலிருந்து ஒரு ஜீப் டிரைவர்