ஒரகடம் போகிற தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நேற்று சித்தி போன் பண்ணியிருந்தார். ஏஜென்சி மூலமா சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில் உனக்கு வேலை, "ஆறு மாசம் காண்ட்ராக்ட், அப்புறம் பெர்மனென்ட்டாம்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். பதினோரு மாதம் முடிந்த அன்று சூப்பர்வைசர் கேட் பாஸை வாங்கிக்கொண்டார். ஐந்து நாள் ரூமில் படுத்துக் கிடந்தேன். ஆறாம் நாள் மறுபடி கூப்பிட்டார்கள். அதே லைன், அதே மெஷின். ஐடி கார்டு கயிறு மட்டும் நீலம் போய்ப் பச்சை. வேறு ஏஜென்சியாம். வேலை திரும்பக் கிடைத்ததே என்று சிரித்துக்கொண்டு மாட்டிக்கொண்டேன், மடையன்.

தமிழ்நாட்டில் 1981-இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். பதினோரு மாதத்தில் 480 எங்கிருந்து வரும்? கயிறு மாறினால் கணக்கும் ஒன்றிலிருந்து என்று காட்டத்தான் அந்த ஐந்து நாள்.

480 தாண்டிவிட்டாலும் விட மாட்டார்கள். "இவர் எங்க ஆளே இல்லை, காண்ட்ராக்டர் ஆள்" என்பார்கள். காண்ட்ராக்ட் முறையை அரசே தடை செய்தால்கூடத் தொழிலாளி தானாகக் கம்பெனி ஆளாகிவிட மாட்டார் என்று 2001-இல் செயில் (SAIL) என்ற அரசு உருக்குக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த காண்ட்ராக்டே கண்துடைப்பு என்று நிரூபித்தால்தான் வழி. உனக்கு வேலை சொல்வது யார், லீவு கொடுப்பது யார் என்பதற்கெல்லாம் காகிதம் கேட்பார்கள். கம்பெனி பெயர் போட்ட ட்ரெயினிங் சர்டிபிகேட், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சீட்டு எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து வை. பி.எஃப். பாஸ்புக்கையும் அடிக்கடி பார். யு.ஏ.என். என்கிற உன் பி.எஃப். நம்பர் கடைசி வரை ஒன்றுதான், பணம் கட்டுகிறவன் பெயர்தான் மாறும். என் பாஸ்புக்கில் மூன்று ஏஜென்சி இருக்கிறது. அந்த முதல் கம்பெனியில் நான் நின்ற மெஷின் ஒன்றுதான்.

இப்போது நான் பெர்மனென்ட்தான். அதுவும் ஏஜென்சி வழியாக வந்ததுதான், பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது ஏஜென்சிக்காரர் அப்புறம் வேறொரு கம்பெனிக்கு அனுப்பினார். ஒரு வருஷம் அவர் சம்பளத்தில் இருந்தேன். பிறகு கம்பெனியே எழுத்துத் தேர்வு வைத்து, இன்டர்வியூ எடுத்து, தன் லெட்டர்ஹெட்டில் ஆர்டர் கொடுத்தது. நீயும் அதைத்தான் பார்க்க வேண்டும். "பெர்மனென்ட்" என்று ஒரு ஆர்டரை நீட்டினால் மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார். ஏஜென்சி பெயர் இருந்தால் நீ ஏஜென்சிக்குப் பெர்மனென்ட், அவ்வளவுதான்.

வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதே. சித்தி வளையலை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருப்பார், எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது ஒரு பாக்கெட் டைரி வாங்கிக்கொள். முதல் ஷிப்டிலிருந்தே தேதி போட்டு எழுது.

அண்ணன்