விடிய ஐந்தரைக்குக் கதவு திறந்தவர்களுக்கு

போன கிழமை எலக்ட்ரீசியன்களுக்கான 309ஏ சோதனையில் சித்தியடைந்துவிட்டேன். 70 புள்ளி வேண்டும், 78 கிடைத்தது. இனி கனடாவின் ஒன்ராறியோவில் நானும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன். படத்தைப் போட்டதும் துணிச்சல்காரி, இரும்புப் பெண் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள், சந்தோசம்தான். ஆனால் துணிச்சல் எனக்கு முதல் நாளே இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட ஒரு முதலாளி இல்லை, விடியப்புறம் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. இந்த இரண்டையும் தீர்த்து வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

இங்கே அப்பிரண்டிஸாக, அதாவது வேலை பழகுபவராக, பதிய வேண்டுமென்றால், இவரை நான் பழக்குகிறேன் என்று ஒரு முதலாளி முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு வேலையும் வகுப்புமாக 9000 மணித்தியாலம், கிட்டத்தட்ட ஐந்து வருடம். யாழ்ப்பாணத்தில் வயரிங் படித்த சான்றிதழை ஸ்காபரோவில் நான் காட்டாத இடமில்லை. கனடா அனுபவம் இருக்கா என்பார்கள், இருந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன்? ஒருவர், எங்கள் ஆள்தான், பேர் வேண்டாம், "ஒஃபிசிலை ஃபோன் எடுக்க ஆள் தேவை, வாறீங்களோ தங்கச்சி" என்றார். இரண்டு வருடம் இப்படியே போனது.

புதிதாக வந்தவர்களுக்கான நிலையத்தில் இருந்த அந்த ஆலோசகர் அக்காதான், அரசாங்கக் காசில் நடக்கும் ஆயத்த வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டு, பிறகு தானே ஒவ்வொரு கம்பனியாக ஃபோன் போட்டு ஒரு கையெழுத்தை வாங்கித் தந்தார். நன்றி அக்கா. உங்களுக்கு அது வேலை என்று சொல்வீர்கள், அந்த வேலையை அப்படிச் செய்கிறவர்களை நான் அதிகம் காணவில்லை.

அடுத்தது போர்த்துக்கேயப் பெரியவர். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நானே வாசித்துக் காட்டுவேன். மற்றவர்கள் என் கையில் தும்புத்தடியைத் தந்து கூட்டச் சொன்னபோது, நீங்கள் பைப் வளைக்கிற பெண்டரைத் தந்தீர்கள். முதல் நாள் நான் கெடுத்த பைப்புகளை எண்ணாமல் விட்டதற்கும் நன்றி. உங்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்தால்தான் ஒரு முழு வசனம் வரும், ஆனாலும் நான் பழகிய ஒவ்வொரு வேலைக்கும் லொக்புக்கில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

என்னோடு படித்த ஜமேக்காத் தோழி, பெண்களின் அளவில் பச்சை முக்கோணம் போட்ட பாதுகாப்புச் சப்பாத்து எந்தக் கடையில் இருக்கிறது என்று காட்டினாள். கையுறையும் அவள் வாங்கித் தந்ததுதான். ஆண்களின் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்குரூவைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

கழிப்பறைக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான அந்த பிளாஸ்டிக் பெட்டிக்குப் பயந்து மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து, சலக்கடுப்பு வந்து படுத்தேன். 2023 ஜூலை 1 முதல் பெரிய கட்டுமானத் தளங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக எனக்கு முன்னே வாய்திறந்து கேட்ட, பேர் தெரியாத பெண்கள் எல்லோருக்கும் நன்றி.

இனி மாமி. ஏழு மணிக்கு சைட்டில் நிற்க வேண்டும், பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் திறப்பதே ஏழுக்கு. இவர் ஃபாக்டரியில் இரவு வேலை முடித்து வர ஏழரை. பனி கொட்டுகிற ஜனவரியிலும் ஐந்தரைக்கு, நான் தட்டுமுன்னே கதவைத் திறந்து, நித்திரையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு, என் பையில் பிட்டும் சம்பலும் வைத்துவிடுவீர்கள். காசு நீட்டினால் "உன்ரை காசை நீயே வைச்சிரு" என்று ஏசுவீர்கள்.

மாமி, உங்கள் பேஸ்மென்ட் படியில் அந்த லைட் ஒரு வருடமாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. லைசென்ஸ் இருந்தாலும் ஒப்பந்தகாரர் உரிமம் இல்லாமல் நான் தனியாக வந்து கைவைக்க முடியாது, அதனால் முதலாளியிடம் சொல்லி முறைப்படி பதிந்துவிட்டேன். சனிக்கிழமை கம்பனி வானில் வருகிறேன். காசு நீட்டினால் நானும் அதையேதான் சொல்வேன்.