ஆங்கில வினைக்கு ஒரே வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுத்தேர்வு நெருங்கினால் மாணவர் பக்கங்களில் ஆங்கிலக் காலங்களின் 12 கட்ட அட்டவணை தவறாமல் வந்துவிடுகிறது. கூடவே, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்க 8 வரியில் இன்னோர் அட்டவணை. பிள்ளைகள் இரண்டையும் உருப்போடுகிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அட்டவணையில் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கட்டங்கள் எப்படி உருவாகின்றன என்பதைத்தான் யாரும் பக்கத்தில் எழுதுவதில்லை.

ஆங்கிலத்தில் துணைவினைகளுக்கு மாறாத வரிசை உண்டு. முதலில் வில், கேன், மஸ்ட், ஷுட் போன்றவற்றில் ஒன்று. அடுத்து ஹேவ். அதன்பின் தொடர்வினைக்கான பி (ஆம், இஸ், ஆர், வாஸ் எல்லாம் இதன் வடிவங்களே), பிறகு செயப்பாட்டுவினைக்கான பி, கடைசியில் முதன்மை வினை. வேண்டாததை விட்டுவிடலாம், இடத்தை மாற்றக் கூடாது. ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மஸ்ட் வகைக்குப் பின் மூல வடிவம், ஹேவுக்குப் பின் வகுப்பறையில் வி3 என்கிறோமே அது (டேக், டுக், டேக்கன் என்பதில் மூன்றாவது), தொடர்வினை பி-க்குப் பின் இங் வடிவம், செயப்பாட்டு பி-க்குப் பின் மறுபடியும் வி3. காலம் காட்டுவது முதல் சொல் மட்டும்தான். செயப்பாட்டு பி நீங்கலாக, இந்த வரிசையை 1957-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி ஒரே சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார். நிகழ்காலம், இறந்தகாலம், வில் என்று தொடக்கம் மூன்று. ஹேவ் சேர்க்கலாம் அல்லது விடலாம். இங் சேர்க்கலாம் அல்லது விடலாம். 3×2×2 என்றால் 12. அட்டவணையில் இருப்பது இவ்வளவுதான்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அமைப்பு புதிதே அல்ல. ‘படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: எடு, படு, கொண்டிரு, இரு, வேண்டும். ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ் பீன் பீயிங் டேக்கன்’. நாம் கடைசியில் வைக்கும் ‘வேண்டும்’ அங்கே மஸ்ட்டாக முதலில் நிற்கிறது; நாம் முதலில் சொல்லும் ‘எடு’ அங்கே கடைசியில் டேக்கன் ஆகிறது. நடுவில் உள்ளவையும் அப்படியே தலைகீழ். ஐந்தும் சேர்ந்த வாக்கியம் ஆங்கிலத்தில் மிக அரிது என்றாலும், இரண்டையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எதிரெதிர்த் திசையில் அம்புக்குறி போட்டால் வரிசை பிள்ளைகள் மனதில் நின்றுவிடும்.

செயப்பாட்டுவினைக்கு ஒரே விதி போதும். முதன்மை வினைக்குச் சற்று முன்னால் ஒரு பி-யைச் செருகுங்கள். வினை எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தை பி-க்குக் கொடுங்கள். வினையை வி3 ஆக்குங்கள். ‘இஸ் டேக்கிங்’ என்பதில் இங் வடிவம் இருக்கிறது. பி அதை வாங்கிக்கொண்டு பீயிங் ஆகும், விடை ‘இஸ் பீயிங் டேக்கன்’. ‘ஹேஸ் டேக்கன்’ என்பதில் இருப்பது வி3, ஆகவே ‘ஹேஸ் பீன் டேக்கன்’. ‘டுக்’ இறந்தகாலம், ஆகவே ‘வாஸ் டேக்கன்’. எழுவாய் மாறுவதால் இஸ், ஆர், ஹேஸ், ஹேவ் பொருத்தத்தை மட்டும் கடைசியில் சரிபார்க்க வேண்டும். பாடநூல்கள் 12-க்கும் செயப்பாட்டுவினை தராமல் எட்டோடு நிறுத்துவது ஏன் என்பதும் இதில் விளங்கும். மீதி நான்கில் ‘பி பீயிங்’, ‘பீன் பீயிங்’ என்று இரண்டு பி ஒட்டி வரும். ஆங்கிலேயர்களே அவற்றைத் தவிர்க்கிறார்கள்.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் காணும் பிழைகள் இந்தச் சங்கிலி அறுபடுவதால் வருபவை. ‘தி போட்டோ ஹேஸ் டேக்கன்’ என்றால் பீன் விடுபட்டிருக்கிறது. புகைப்படமே எதையோ எடுத்ததாகப் பொருளாகிவிடும். ‘ஹி டிட் நாட் டுக்’ என்பதில் காலம் இரண்டு முறை வந்துவிட்டது. நாட் சேர்க்கவும் கேள்வி கேட்கவும் ஒரு துணைவினை தேவை. அது இல்லாத வாக்கியத்தில்தான் டிட்டின் மூல வடிவமான டு வந்து காலத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது; வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். நம்முடைய ‘இல்லையா’ எல்லா வாக்கியத்துக்கும் பொருந்துவதால் ‘யூ வென்ட், இஸின்ட் இட்’ என்று எழுதுகிறார்கள். அங்கே வர வேண்டியது ‘டிடின்ட் யூ’.

வரிசை சரியாக இருந்தும் பொருள் தவறும் இடங்கள் உண்டு. அவற்றுக்குத்தான் வகுப்பில் கூடுதல் நேரம் தேவை. ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்று எழுதினால், போனதற்குப் பிறகு நடந்த இன்னொன்றை ஆங்கிலம் எதிர்பார்த்து நிற்கும். ‘ஐ வென்ட்’ போதும். அதேபோல் எஸ்டர்டே வரும் வாக்கியத்தில் ‘ஹேஸ் கம்’ வராது. நிபந்தனை வாக்கியத்தில் தமிழே துணை செய்கிறது: ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்றால் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’. தமிழில் ‘இரு’ வரும் இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் ஹேவ் இருக்கிறது; வுட் இரண்டாம் பாதியில் மட்டும். இஃப் பக்கத்தில் வுட் போடுவதுதான் வழக்கமான பிழை.

ஏவலுக்கு மூல வடிவமே போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வேறெங்கும் டு கேட்காத பி, ஏவலில் கேட்கும், ‘டோன்ட் பி லேட்’ என்று. ‘ஐ சஜஸ்ட் தட் ஹி கோ’ என்பதிலும் வருவது மூல வடிவமே; கோஸ் வராதது பிழையன்று.

‘போயிருக்க வேண்டும்’ என்பதை மொழிபெயர்க்கச் சொல்லும் முன் முழு வாக்கியத்தையும் கொடுங்கள் என்று வினா அமைப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘விளக்கு அணைந்திருக்கிறது, அவர் போயிருக்க வேண்டும்’ என்றால் ஊகம்: மஸ்ட் ஹேவ் கான். ‘நேற்றே போயிருக்க வேண்டும், போகவில்லை’ என்றால் தவறிய கடமை: ஷுட் ஹேவ் கான். கட்டாயத்தின் பேரில் உண்மையிலேயே போனார் என்றால் ‘ஹேட் டு கோ’. தனித்தொடராகக் கேட்டால் முதல் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும்.

ஓர் ஆங்கில ஆசிரியர்,
திருச்சி