லீவு முடிந்து கடை திறந்தால் பிரிண்டர் ஏன் ஆஃப்லைன் ஆகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கலோ தீபாவளியோ முடிந்து கடைகள் திறக்கிற அன்று எங்கள் போன் ஓயாது. "பில்லிங் சாஃப்ட்வேர் இரண்டாவது கம்ப்யூட்டரில் திறக்கவில்லை", "பிரிண்டர் ஆஃப்லைன் காட்டுகிறது" என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலும் கோளாறு இருக்காது, பிரிண்டரிலும் இருக்காது. ஐபி எண் மாறியிருக்கும்.

உங்கள் ரவுட்டரோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பதுபோல ஓர் எண் கிடைக்கிறது. அதுதான் ஐபி எண். கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற வசதி. சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான். பல ரவுட்டர்களில் கெடு 24 மணி நேரம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் பாதிக் கெடு கழிந்ததுமே அதே எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் எதுவும் மாறாது, நாமும் கவனிக்க மாட்டோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாலு நாள் கழித்துத் திறந்தால், முதலில் ஆன் ஆகும் போனுக்கே கூட அந்த எண் போய்விடலாம்.

போனுக்கோ டிவிக்கோ எண் மாறினால் நஷ்டமில்லை. அவற்றை யாரும் தேடிப் போவதில்லை. மற்ற கம்ப்யூட்டர்கள் தேடி வருகிற கருவிதான் பிரச்சினை: டேட்டா இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பிரிண்டர், கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி. இவற்றுக்கு மட்டும் நிலையான ஐபி, அதாவது மாறாத எண், போதும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வோம். லேப்டாப்புக்கு நிச்சயம் வேண்டாம். கடையில் ஓடும், வீட்டு வைஃபையில் நெட் வராமல் நிற்கும்.

நீங்களே போட்டுப் பார்ப்பதானால், முதலில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை 'ஆல்' சேர்த்துக் (ipconfig /all) கொடுங்கள். இப்போதுள்ள எண்கள் எல்லாம் வரும், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விண்டோஸ் 11 செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஈதர்நெட்டில் ஐபி அசைன்மென்ட்டை மேனுவல் ஆக்கி, ஐபிவி4-ஐ ஆன் செய்தால் கட்டங்கள் வரும். ஐபி முகவரி மட்டும்தான் நீங்கள் தேர்ந்தெடுப்பது. சப்நெட் மாஸ்க் சிறு கடைகளில் அநேகமாக 255.255.255.0. விண்டோஸ் 10-இல் அந்தக் கட்டம் 'பிரிஃபிக்ஸ் லெங்த்' கேட்கும். அங்கே 255 எல்லாம் அடித்தால் ஏற்காது, 24 என்று கொடுக்க வேண்டும். கேட்வே என்பது ரவுட்டரின் எண். அது தவறினால் பிரிண்ட் போகும், நெட் மட்டும் வராது. வெப்சைட் பெயரை வைத்து அதன் எண்ணைக் கண்டுபிடித்துத் தருவது டிஎன்எஸ். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நெட் இணைப்பு இருந்தும் எந்த வெப்சைட்டும் திறக்காது. அங்கே ரவுட்டர் எண்ணையே கொடுக்கலாம், அல்லது 8.8.8.8.

சரி, எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ரவுட்டர் கடைசி எண் 100 முதல் 199 வரை உள்ளவற்றை வாடகைக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கம்ப்யூட்டரில் 192.168.1.105 என்று போட்டால் அது ரவுட்டருக்குத் தெரியாது. பில்லிங் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதே 105-ஐ யாராவது ஒருவரின் போனுக்கு ரவுட்டர் கொடுத்துவிடும். இரண்டும் மோதும், நெட் வந்து வந்து போகும். 192.168.1.20 என்றால் அந்த வாடகைப் பட்டியலுக்கு வெளியே இருப்பதால் வம்பில்லை. சில ரவுட்டர்களில் 2 முதல் 254 வரை மொத்தமும் வாடகைப் பட்டியலில் இருக்கும். அப்போது முதலில் அந்தப் பட்டியலைச் சுருக்க வேண்டும்.

எங்கள் விருப்பம் வேறு. கம்ப்யூட்டரை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிட்டு, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்) ஓர் ஐபி எண்ணை ரிசர்வ் செய்துவிடுகிறோம். எண் மாறாது, மோதலும் வராது. நெட் கம்பெனியை மாற்றினால் புது ரவுட்டர் 192.168.0.1 என்று வேறு வரிசையில் இருக்கலாம். கையால் எண் போட்ட கம்ப்யூட்டர் பழைய வரிசையிலேயே நின்று தவிக்கும். ரிசர்வ் செய்தது புது எண் வாங்கிக்கொண்டு நெட்டுக்காவது வந்துவிடும். ரிசர்வேஷனை மட்டும் மறுபடி போட வேண்டும்.

எண் 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டருக்கு ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் கை வைக்காமல் முதலில் கேபிளைப் பாருங்கள்.

இன்னொன்று: வெளியூரிலிருந்து கேமரா பார்க்க நெட் கம்பெனி கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் நிலையான ஐபி வேறு. மேலே சொன்ன எதுவும் அதைத் தராது.

எங்களிடம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வைத்திருப்பவர்களின் பில்லிங் கம்ப்யூட்டர் மேல் அதன் எண்ணை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது அதை மட்டும் உரித்துவிடாதீர்கள். நெட் கனெக்ஷன் மாற்றுவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், புது ரவுட்டர் மாட்டும் நேரத்துக்கு எங்கள் பையன் ஒருவர் வந்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்