கிளவ்வுக்கு வார் கோத்துத் தந்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இங்கே சொல்லப் போவதில்லை. அது என் மகனுடைய கதை. விருப்பமென்றால் ஒருநாள் அவனே சொல்லட்டும். நேற்றிரவு அவன் ஆறு மணித்தியாலம் இடையில் எழும்பாமல் நித்திரை கொண்டான். கதவடியில் நின்று அவன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, மன்னியுங்கள்.

வாசலில் இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனவர்களுக்கு நன்றி. நாங்கள் எழும்ப முதலே எங்கள் படிகளிலும் பனியைத் தள்ளி வைத்த பக்கத்து வீட்டு அண்ணைக்கு, என்னுடைய ஷிப்டுகளைப் பங்கு போட்டு எடுத்த வேலையிடத்துப் பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடத்து ஆலோசகருக்கு, இரவிரவாக என்னோடு முழித்திருந்த மச்சாளுக்கு நன்றி. மன நெருக்கடியில் உதவிக்கு அழைக்கிற 988 எண்ணுக்கு அழைத்தபோது மறுமுனையில் இருந்த குரலுக்கும். அந்த எண் கனடாவில் 2023 கார்த்திகை கடைசியில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் இப்படி ஓர் இரவில் ஒரு தாய் எந்த எண்ணை அழுத்தியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன், யோசிக்க முடியவில்லை.

ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். மகனுடைய கோலி கோச்சுக்கு. தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் கோச் என்றே எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. மகன் வாசித்துச் சொல்லுவான்.

ஐஸ் ஹொக்கி வீட்டுக்குள் வராதவர்களுக்கு ஒரு விளக்கம். கோலி என்றால் வலைக்கு முன்னால் நிற்கிறவன். ஆறடி அகலம், நாலடி உயரமான வாசலைக் காவல் காக்கிற வேலை. என் மகன் ஒன்பது வயதில் அந்த வேலைக்குப் போனான். அன்றைக்கு அணியின் கோலி வரவில்லை, யார் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள், இவன் கையைத் தூக்கிவிட்டான். அந்தக் கையைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும் என்று தகப்பன் இன்றைக்கும் சொல்லுவார். கோலியின் உடுப்புக்கு எவ்வளவு காசு போகும் என்று வாங்கினவர்களுக்குத் தெரியும்.

எனக்கிருந்த பயம் வேறு. 2023 ஐப்பசியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடம் ஜோன்சன் என்ற ஆட்டக்காரர் ஆட்டத்தின் நடுவே ஸ்கேட்டின் அலகு கழுத்தை வெட்டி இறந்துபோனார். அடுத்த நாளே கடைக்குப் போய், வெட்டுப்படாத துணியில் செய்த கழுத்துப் பட்டி வாங்கினேன். மாஸ்க்கின் கீழே தொங்குகிற தகட்டையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் வைத்து, “அந்த மூன்றாவது கோலை ஏன் விட்டாய்?” என்றும் கேட்பேன். கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றது கண்ணில் படவில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். வெளியே நல்ல பனி. கோச் ஒரு சின்னப் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். மகன் கீழே வரமாட்டான், ஒருவரோடும் கதைப்பதில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். நான் அவனைப் பார்க்க வரவில்லை, அவனுடைய கிளவ்வைப் பார்க்க வந்தேன், அதன் வார் தேய்ந்துபோய்க் கிடக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று மார்கழியில் சொல்லியிருந்தேன், இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது என்றார்.

சரி என்று கராஜுக்குள் கிடந்த பையைத் திறந்தேன். ஹொக்கிப் பை நாற்றம் தெரிந்த தாய்மாருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. குசினி மேசையில் தமிழ்ப் பத்திரிகையை விரித்து, நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே அந்தக் கிளவ்வை வைத்தோம். அவர் பழைய தோல் வாரை ஓட்டை ஓட்டையாக உருவி எடுத்தார். பிறகு புது வாரைக் குறடால் இழுத்து இழுத்துக் கோக்கத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம். மூன்று தேத்தண்ணி. மகனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. அந்த மூன்று கிழமையும் என்னிடம் எல்லோரும் கேள்விதான் கேட்டார்கள்.

மகன் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தான். மேசையைக் கண்டான், நின்றான். கனநேரம் நின்றான். பிறகு சொன்னான்: “அந்தப் பக்கம் அவ்வளவு இறுக்க வேண்டாம்.”

கோச் நிமிரவேயில்லை. “அப்ப நீயே இழுத்துக் காட்டு,” என்று வாரின் நுனியை நீட்டினார். மகன் கதிரையில் இருந்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, கொதிக்காத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார் கோத்தபடியே கோச் ஒரு கதை சொன்னார். கிளின்ட் மலார்சுக் என்ற கோலியின் கதை. கோச்சும் ஒரு காலத்தில் அமெரிக்காவின் சின்ன லீக்குகளில் சம்பளத்துக்குக் கோலி நின்றவர். பெரிய லீக்கின் வாசல் வரை போய்த் திரும்பினவர். அந்தத் தலைமுறைக் கோலிகளுக்கு மலார்சுக்கின் பெயர் சொன்னாலே கை தன்பாட்டில் தொண்டைக்குப் போகுமாம்.

ஆல்பர்ட்டாவின் கிராண்ட் ப்ரெரியில் பிறந்தவர். கியூபெக், வாஷிங்டன் அணிகளுக்கு ஆடிவிட்டு 1989 பங்குனியில் பஃபலோ சேபர்ஸுக்கு வந்தார். வந்து இரண்டு கிழமைதான். 22ஆம் திகதி சென்ட் லூயிஸ் அணியோடு ஆட்டம். வலைக்கு முன்னால் இரண்டு பேர் மோதி விழுந்ததில் ஒருவருடைய ஸ்கேட் மலார்சுக்கின் கழுத்து நாளத்தை வெட்டிவிட்டது. அணியில் காயங்களைக் கவனிக்கிற ட்ரெய்னர் ஜிம் பிட்சுடெல்லி ஓடிப்போய் வெறும் கையால் அந்த நாளத்தை நெரித்துப் பிடித்தார். வியட்நாம் போரில் இராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர் அவர். அந்தப் பழக்கம் கைக்குள் இருந்திருக்கிறது. மலார்சுக்கின் தாய் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் பார்க்கிறாள் என்பதற்காகவே அவர் தன் காலாலேயே ஐஸை விட்டு வெளியே போனார். சாகப் போகிறோம் என்று நினைத்து, அம்மாவுக்கு அழைத்து நான் அன்பாயிருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். முந்நூறு தையல் போட்டார்கள். அந்தக் காணொளி இணையத்தில் கிடக்கிறதாம். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

பதினொரு நாளில் அவர் திரும்பவும் வலைக்கு முன்னால் நின்றார். பார்த்தவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். இந்த இடத்தில் கோச் குறடை மேசையில் வைத்தார். “எல்லோரும் இந்தக் கதையை இதோடு முடித்துவிடுவார்கள். அதுதான் பிழை,” என்றார். தையலை எண்ணினார்கள், மற்றதை ஒருவரும் எண்ணவில்லையாம். சின்ன வயதிலேயே அவருக்கு மனம் ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற வருத்தம் இருந்திருக்கிறது. விபத்துக்குப் பிறகு அது முற்றிவிட்டது. பெரிய லீக்கில் இடம் போனது. சான் டியேகோ, லாஸ் வேகாஸ் என்று கீழ் லீக்குகளில் ஆடி முடித்துப் பயிற்றுநராக மாறினார். ஃபுளோரிடா, கொலம்பஸ் அணிகளின் கோலிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வெளியே பார்த்தால் கரை சேர்ந்த மனிதர்.

2008 மாசியில் அதே பஃபலோ நகரில் ரிச்சர்ட் செட்னிக் என்ற ஆட்டக்காரருக்கும் அதே மாதிரி ஸ்கேட் கழுத்தை வெட்டியது. அவரும் பிழைத்தார். ஆனால் மலார்சுக்குக்குப் பத்தொன்பது வருடத்துக்கு முந்திய இரவு திரும்பி வந்துவிட்டது. அந்த வருடமே அவர் தன் உயிரை மாய்க்கப் பார்த்தார். தப்பினார். சிகிச்சைக்குப் போன பிறகுதான், 1989இல் பட்ட அதிர்ச்சி ஆறாமல் உள்ளேயே கிடந்தது என்று பெயர் சொல்லிக் கண்டுபிடித்தார்கள்.

மகன் வாரை இழுத்துக்கொண்டே கேட்டான், “பிறகு?”

பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார் என்றார் கோச். 2011இல் கால்கரி ஃபிளேம்ஸின் கோலிகளுக்குப் பயிற்றுநரானார். 2014இல் ஒன்றையும் மறைக்காமல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். இப்போது நெவாடாவில் குதிரைகளோடு இருக்கிறார், போகிற இடமெல்லாம் இதைப் பற்றித்தான் பேசுகிறார். அவ்வளவுதான். நீயும் அப்படி வருவாய் என்றோ, தைரியமாக இரு என்றோ கோச் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளவ்வை மகனுடைய கையில் மாட்டி, உள்ளே இரண்டு குத்துக் குத்தி, இன்னும் கொஞ்சம் இளகும் என்றார்.

காசு வாங்கமாட்டேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொண்டுபோனார். அதைச் சாப்பிட்டாரோ என்று இன்னும் கேட்கவில்லை, உறைப்பு அப்படி.

அன்றிரவு முழுக்க நான் பிட்சுடெல்லியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளத்தை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தால் போதும். ஆனால் இந்த மாதிரிக் காயத்தில் எங்கே பிடிப்பது? கோச் கிளவ்வைப் பிடித்தார். எனக்கு அது தோன்றியே இருக்காது.

மகன் ஐஸுக்குத் திரும்பவில்லை. திரும்புவானா என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்பதில்லை. திரும்பினால் நல்லது, திரும்பாவிட்டாலும் அந்த உடுப்புக் காசு போனதாக இருக்கட்டும் என்று தகப்பனே சொல்லிவிட்டார். நான் எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறேன். ஆட்டமோ பரீட்சையோ, காருக்குள் ஏறினவுடன் ஏன் விட்டாய் என்று கேட்பதில்லை. பசிக்கிறதா என்று மட்டும் கேட்பேன். போன கிழமை இரண்டு தரம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

உருவி எடுத்த பழைய வார்த் துண்டுகள் மேசையில் கிடந்தன. குப்பைக்குள் போடப் போனேன். மகன் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. சொதியும் கறியும் கொண்டுவந்து வைத்தவர்கள் தயவுசெய்து உங்கள் பாத்திரங்களை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். பதினேழு சட்டி இருக்கிறது, மூடிகளெல்லாம் மாறிப்போய்க் கிடக்கின்றன. இந்த முறை மணியடியுங்கள். தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.