மேட்டூர் அணைக்குள் இருக்கும் ஊர்களின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணையில் தண்ணீர் எழுபது அடிக்குப் பக்கத்தில் இறங்கினால் போதும், உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்துவிடும். பண்ணவாடி பரிசல்துறைப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, இல்லாவிட்டால் மாதா கோயிலின் இரட்டைக் கோபுரம், கீழே சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துப் போகிறார்கள் என்று இரண்டு வரி. பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து இந்தப் படத்தைப் பார்த்துவருகிறேன். அந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது, அங்கே பூசைக்கு வந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று நான் பார்த்த வரையில் ஒரு வரி வந்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அப்பாவைப் பெற்ற ஆயா அந்த ஊரில் பிறந்தவர். ஊர் பெயர் நாயம்பாடி. 1925இல் அணை வேலை ஆரம்பித்து 1934 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். ஊரை விட்டு வண்டி கட்டிக் கிளம்பியபோது ஆயாவுக்குப் பத்து வயது இருக்கும். சாமான் ஏற்றியது, அடுப்புக் கல்லைக்கூட அவருடைய அம்மா விடாமல் எடுத்துக்கொண்டது எல்லாம் சொல்வார். ஆனால் வீடு எங்கே இருந்தது ஆயா என்று கேட்டால் ஒரே பதில்தான். “சாயங்காலம் மாதா கோயில் கோபுரத்து நிழலு நம்ம வாசல்ல வந்து விழும். அப்ப வெளக்கு வெக்கணும்.” சின்ன வயதில் இதை ஒரு கதை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு அடையாளம் என்று புரியும்போது ஆயா இல்லை.

ஆயாவின் தகரப்பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. நிலம் எடுத்ததற்கு இழப்பீடு கொடுத்த உத்தரவின் நகல், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது, மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது. பூட்டன் பெயர், புஞ்சை இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட், கல்சுவர் ஓட்டு வீடு ஒன்று, சேந்துகிணற்றில் நாலில் ஒரு பங்கு. கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்ற அந்த வரியைத்தான் நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அப்படியானால் நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. அந்த நாலு வீட்டில் ஒன்று நம்முடையது.

காகிதத்தின் தலைப்பில் கோயம்புத்தூர் ஜில்லா, பவானி தாலுகா என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நானே முடிவு செய்துகொண்டு, சேலத்துக்காரன் சேலத்தில்தானே தேடுவேன், சேலத்தில் ஏறாத அலுவலகம் இல்லை. ஒரு இடத்தில் அப்படி ஒரு கிராமமே பதிவேட்டில் இல்லை என்றார்கள், இன்னொரு இடத்தில் அணைக்காரர்களைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் போனது. அப்புறம் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்தான் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் பிழை ஒன்றும் இல்லை தம்பி என்றார். காவேரியின் மேற்குக் கரை, அதாவது காவேரிபுரம், கொளத்தூர் பக்கமெல்லாம் அந்தக் காலத்தில் பவானி தாலுகாதான், கோவை ஜில்லாதான், சேலத்தோடு சேர்த்தது பிற்பாடு. பூர்வீக வீட்டைத் தேடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஊர் எங்கே என்று தேடுமுன் அந்த ஊர் அந்த வருஷத்தில் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று தேடுங்கள்.

எங்கள் குடும்பத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பூட்டனின் தம்பி இழப்பீட்டை வாங்கிக்கொண்டு மலைப் பக்கம் மார்ட்டள்ளிக்குப் போனார். அவர் போனபோது அதுவும் கொள்ளேகால் தாலுகா, அதே கோவை ஜில்லா. ஒரே ஜில்லாவுக்குள் வீடு மாறியவர்தான். 1956இல் கொள்ளேகால் மைசூரோடு போனது, அவர் பிள்ளைகள் வேறு மாநிலத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள், மெல்ல மெல்ல எங்களுக்குள் போக்குவரத்து நின்றுபோனது. மறுபடி கண்டுபிடித்தது ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்துத்தான். பங்குச் சாமியார் ஒருவர் பெரிய மனசு பண்ணி பழைய ஏட்டை எடுத்துக் காட்டினார். எழுத்தெல்லாம் லத்தீன். ஆயாவின் பெயருக்கு நேரே ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள் இருந்தன. ஞானத்தாய் பக்கத்து வீட்டுக்காரர், அதே கிணற்றில் தண்ணீர் சேந்தியவர் என்பது மார்ட்டள்ளியில் எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரிடம் பேசியபோது தெரிந்தது. அவருக்கு அவர் அம்மா சொன்னது, கிணறு கோயிலுக்குக் கிழக்கே, வண்டிப்பாதையின் ஓரம்.

கிழக்கே! சாயங்கால வெயில் மேற்கே இருந்து அடித்தால் நிழல் கிழக்கேதானே விழும். ஆயா சொன்னது அப்படியே பொருந்திவிட்டது.

சர்வேயர் ஐயா சொல்லிக்கொடுத்த இன்னொன்று, நத்தத்துக்குள், அதாவது ஊரில் வீடுகள் இருக்கும் நிலத்துக்குள், வீட்டுக்கு வீடு நம்பர் தேடக்கூடாது. பழைய சர்வேயில் நத்தம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே நம்பர்தான். நத்தத்தைச் சுற்றியுள்ள புஞ்சை நம்பர்களைப் பிடித்து, வண்டிப்பாதை, கிணறு, கோயில் இவற்றை வைத்து உள்ளே வரவேண்டும். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் சர்வே இலாகா அச்சடித்த பழைய தாளின் நகல் ஒன்றும் அவரிடம் இருந்தது. ஏரி இருக்கவேண்டிய இடத்தில் ஏரி இல்லை, வளைந்து போகிற ஆறு, ஓடைகள், ஊர்ப் பெயர்கள். இன்றைக்கு 59.25 சதுர மைல் தண்ணீர் நிற்கும் இடத்தில் பாதைகள் ஒன்றை ஒன்று வெட்டிப் போவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அது ஒன்றும் பேர் தெரியாத காடு இல்லை ஐயா. மைசூர்ச் சீமையிலிருந்து கொங்குக்கு இறங்குகிற வழி அது. 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கி வந்திருக்கிறார், அங்கே இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலி கட்டியதாகச் சொல்லப்பட்ட கோட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

2024 மே மாதம் நீர்மட்டம் ஐம்பது அடியை ஒட்டி இருந்தது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, வெயில் வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கே இறங்கினோம். மேலே வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கால் வைத்தால் ஓரம் நொறுங்கும், உள்ளே இன்னும் ஈரம். அங்கங்கே கிளிஞ்சல், அறுந்த மீன்வலை, யாரோ எள் விதைத்துப் பாதி அறுத்த நிலம். கோயிலிலிருந்து கிழக்கே சர்வேயர் ஐயா சொன்ன அளவுக்கு, சங்கிலிக் கணக்கில் ஒரு சங்கிலிக்கு அறுபத்தாறு அடி, கயிறு பிடித்துப் போனோம். முதல் தடவை ஒன்றும் இல்லை. கொஞ்சம் வடக்கே தள்ளி மறுபடி போனபோது அப்பாவின் கைத்தடி கல்லில் பட்டது. கையால் வண்டலை ஒதுக்கினோம். வளைவாக அடுக்கிய கல், ஒன்றோடு ஒன்று கவ்விக்கொண்டு, வாய் முழுக்க மண் மூடியிருந்தது. ஒரு கல்லின் விளிம்பில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம், என் சுண்டுவிரல் அதில் அப்படியே உட்கார்ந்தது. எத்தனை வருஷம், எத்தனை பெண்கள் தண்ணீர் சேந்தினால் கல் இப்படித் தேயும்? அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வாசல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கிணற்றைச் சுற்றியிருந்த நாலு வீட்டில் ஒன்று, அது வரைக்கும் உறுதி. அதே வருஷம் ஜூலை 30ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. அந்தக் கிணற்றுக்கு மேலே அன்றைக்கு அறுபது எழுபது அடித் தண்ணீர். டெல்டாவுக்குத் தண்ணீர் போகவேண்டும், அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ஆயாவே ஒரு நாளும் அணையைத் திட்டியதில்லை. ஆனால் 93.47 டி.எம்.சி. என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும்போது அதற்கு இடம் விட்ட ஊர்களின் பெயர் யாருக்கும் தெரியாமல் போவது எனக்குத் தாங்கவில்லை. மேட்டூர் பக்கம் புதுச்சாம்பள்ளி என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் ‘புது’ எதற்கு என்று அந்த வழியே பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை தண்ணீர் இறங்கி நந்தி படம் போடும்போது, முழுகிய ஊர்களின் பெயரைப் பக்கத்தில் போடுங்கள். அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கொளத்தூரிலும் மேட்டூரிலும் தர்மபுரிப் பக்கமும் மார்ட்டள்ளியிலும் இருக்கிறார்கள், அவர்களை எழுதச் சொல்லுங்கள், நாலு ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். ஊரை நேரில் பார்த்தவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டவர்களும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வருவாய்த் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அணைக்காக நிலம் எடுத்த பழைய கட்டுகளில் நான் பார்க்கக் கிடைத்தது ஒன்றுதான், அது தொட்டால் உதிர்கிறது. அவற்றை ஸ்கேன் செய்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ யார் வந்தாலும் பார்க்கிற மாதிரி வைக்கவேண்டும். ஊர் பெயரை வைத்துத் தேடும்படி இருக்கட்டும், இன்றைய மாவட்டத்தை வைத்து வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 1934க்கு முன்னால் எடுத்த நாயம்பாடி மாதா கோயில் புகைப்படம் யார் வீட்டிலாவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு அனுப்பி வைக்கட்டும், நீங்கள் போடுங்கள். கோபுரத்துக்குக் கிழக்கே வீடுகள் தெரிகிறதா என்று அப்பா பார்க்கவேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
நாயம்பாடிக்காரியின் பேரன்,
சேலம்.