மகளின்ர காசை அதில போடாத மச்சான்

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. இங்க முரசுமோட்டையில எல்லாரும் சுகம், காலபோகம் வெட்டியாச்சு, நெல்லு இன்னும் மூட்டையாத்தான் விறாந்தையில கிடக்கு, விலை கொஞ்சம் ஏறட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். அம்மா உன்னைக் கேட்டவ.

நீ ஐவன்ஹோ எண்ட கனடாச் சுரங்கக் கொம்பனியின்ர ஷெயார் வாங்கினது சரி. ஆனா கொம்பனிக்காரர் தங்கட சீனப் பங்காளி சிஜினைப் பற்றி நல்லாக் கதைக்கினம், விலையும் இப்ப குறைவு, மகளின்ர படிப்புக் காசையும் போடட்டோ எண்டு எழுதியிருக்கிறாய் பார், அதை வாசிச்சதில இருந்து எனக்கு மனம் ஒரு நிலையில இல்லையடா.

கொங்கோவில கமோவா–ககூலா செம்புச் சுரங்கத்தில ஐவன்ஹோவுக்கு 39.6 வீதம், சிஜினுக்கும் அதே 39.6, கொங்கோ அரசுக்கு 20. சிஜின் 2015இல 41 கோடி 20 லட்சம் அமெரிக்க டொலர் குடுத்து உள்ள வந்தது, அதோட ஐவன்ஹோவின்ர ஷெயாரிலயும் நூற்றுக்குப் பத்துக்கு மேல அவையிட்ட இருக்கு. எல்லாம் நல்லாப் போகேக்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புகழுவினம், அது ஒரு அத்தாட்சியே? 2025 மே மாதம் ககூலாவில நிலம் அதிர்ந்து வேலை நிண்டுது. அப்ப சிஜின் தன்ர பாட்டில கூரை இடிஞ்சு விழுந்தது, வருச இலக்குக்குப் பாதிப்பு வரும் எண்டு அறிவிச்சுது, ஐவன்ஹோ அதை மறுத்துது, அந்த நாளுகளுக்குள்ளயே 520,000 தொடக்கம் 580,000 தொன் செம்பு எண்ட தங்கட வருச இலக்கைத் தாங்களே திருப்பி எடுத்திச்சினம், ஷெயார் விழுந்துது. பிறகு சொன்ன இலக்கு 370,000 தொடக்கம் 420,000.

எனக்கு அதை வாசிக்கேக்க என்ர லாண்ட்மாஸ்டர் உழவு மெசின்தான் ஞாபகம் வந்துது. உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. பக்கத்து ஒழுங்கை ஆளோட பாதிக்குப் பாதி போட்டு வாங்கினனான். திறப்பு அவர் வீட்டுச் சுவரில ஆணியில தொங்கும், டீசல் கணக்கு ஒரு எண்ணெய் பிடிச்ச கொப்பியில அவரே எழுதுவார். ரெண்டு போகம் நல்ல பங்காளி எண்டு ஊரெல்லாம் நான்தான் சொல்லித் திரிஞ்சன். விதைப்பு நேரம் கியர்பொக்ஸ் போச்சு, எனக்குச் சொல்ல முதல் அவர் சந்தியில சொல்லிப்போட்டார், பாதிப் பங்கை வாங்க வேற ஒருத்தரும் வரேல்லை, கடைசியா அவரே அரை விலைக்குக் கேட்டார், நானும் குடுத்தன். அந்தக் கொப்பியின்ர ஒற்றைகளை நான் ஒருநாளும் திருப்பிப் பாக்கேல்லை மச்சான், அதுதான் இண்டைக்கும் உறுத்துது.

சிஜின் அப்பிடிச் செய்யும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா பங்காளியிட்ட உன்ர கொம்பனியின்ர ஷெயாரும் இருந்தா, விலை குறையிறது அவருக்கு எல்லா நேரமும் நட்டம் எண்டில்லை, மிச்சத்தை மலிவா வாங்கலாம். மொங்கோலியாவின்ர ஓயூ டொல்கொய் சுரங்கத்தைப் பார். 2022 வரைக்கும் அதில 66 வீதம் டர்க்கோய்ஸ் ஹில் கொம்பனியிட்ட, மிச்சம் 34 மொங்கோலிய அரசிட்ட, அந்த டர்க்கோய்ஸ் ஹில்லிலயே 51 வீதம் ரியோ டின்டோ எண்ட பெரிய சுரங்கக் கொம்பனியிட்ட இருந்தது, சுரங்கத்தை நடத்தினதும் ரியோதான். 2019இல வேலை பிந்தும், செலவு கூடும் எண்டு சொன்னதும் அவைதான். 2022 மார்ச்சில டர்க்கோய்ஸ் ஹில்லின்ர மிச்ச ஷெயாரை ஒண்டு 34 கனேடிய டொலருக்குக் கேட்டினம், சின்னப் பங்குக்காரர் விடேல்லை, 40 ஆச்சு, கடைசியா டிசம்பரில 43க்கு முடிஞ்சுது. ஒரே செம்புதான் மண்ணுக்குள்ள கிடந்தது, ஒன்பது டொலர் எங்கயிருந்து வந்தது? இன்னொண்டு, டர்க்கோய்ஸ் ஹில்லின்ர பழைய பேரும் ஐவன்ஹோதான், ரெண்டையும் தொடங்கினது ரொபர்ட் ஃப்ரீட்லாண்ட்.

செம்பு தேவையில்லாம போகாது, அதில நீ சொல்லுறதை நான் ஏற்கிறன். போன மாதம் கிணத்து மோட்டர் எரிஞ்சு கொயில் சுத்தக் குடுத்தனான், அவர் கருகின பழைய கம்பியைத் தராசில போட்டு நிறுத்து அந்தக் காசைக் கூலியில கழிச்சவர், கருகினதுக்கே அவ்வளவு மரியாதை. அதால வாங்கினதை விக்கச் சொல்லேல்லை, வச்சிரு. கொம்பனியின்ர அறிக்கையோட சிஜினின்ர அறிக்கையையும் எடுத்து, ஒரே சுரங்கத்தைப் பற்றி ரெண்டும் என்ன சொல்லுது எண்டு பக்கத்தில வச்சு வாசி, எங்க பிசகுதோ அந்த இடத்தை எனக்கு எழுது.

மகளின்ர காசு மட்டும் வங்கியிலயே கிடக்கட்டும். பதில் போடும்வரைக்கும் ஒண்டும் வாங்காத.

உன்ர மச்சான்